இறக்கத்தில் எந்தக் கியர்

அந்தப் பையை இப்படிக் குடுங்க, மடியில வெச்சுக்கறேன். கனமா இருக்குதுங்களா? உள்ளே டிப்போவுல பரிசாக் குடுத்த கேடயம், பித்தளை. வீட்டுல பதினொண்ணு இருக்குது, பெருசை மட்டும் எடுத்துட்டு வந்திருக்கேன். ஜன்னலோரம் நீங்களே வெச்சுக்குங்க. இந்த ரோட்டுல நான் பார்க்காதது ஒண்ணுமில்லை. கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இருபத்தேழு வருஷமா பஸ் ஓட்டறேன். எம்பேரு சென்னியப்பன்.

மணி என்னங்க? பதினொண்ணே முக்காலா? மூணு மணிக்குக் கோயமுத்தூர்ல ஒரு ஆபீசுல நிக்கோணும். இந்த டிரைவர் கொண்டு போயிருவான்ல? போயிருவான், போயிருவான்.

இப்பக் கேளுங்க. அரவேனு தாண்டியாச்சு, இறக்கம் புடிச்சிருச்சு. இப்போ... கேட்டுச்சுங்களா? இன்ஜின் உறுமல் அடங்கிருச்சு பாருங்க. கியரை நியூட்ரலுக்குத் தட்டிட்டான். இனி வண்டி தன் பாரத்துலயே இறங்கும், டீசல் சொட்டுச் சொட்டாத்தான் செலவாகும். கைகாரன்.

தப்புதான், இல்லைங்கல. மலை இறங்குற இடத்துல போர்டே வெச்சிருக்காங்க, இறக்கத்துல நியூட்ரல்ல ஓட்டாதேன்னு. ஆனா எங்க டிப்போவுல இன்னொரு போர்டு இருக்குதுங்க. எந்த டிரைவர் ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான்னு பேரோட எழுதிப் போட்டிருப்பாங்க. அதுல கடைசியில பேர் வந்தா மேனேஜர் எல்லாரும் பார்க்க நிக்க வெச்சுக் கேப்பாரு. ரெண்டு போர்டுல நாங்க எதைப் படிக்கிறது, நீங்களே சொல்லுங்க. எல்லாருமே நியூட்ரல்லதான் இறக்குவோம், எவனும் ஒத்துக்க மாட்டோம். செக்கிங் இன்ஸ்பெக்டர் கேட்டாலும் சரி, கலெக்டரே கேட்டாலும் சரி, கட்டின பொண்டாட்டி கேட்டாலும் சரி, ஒரே பதில்தான். "கியர்லதாங்க." தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அதான் வரும்.

உங்ககிட்ட எதுக்குச் சொல்றேன்னா, நீங்க வெளியாளு. நீங்க என்ன தொழிலுங்க? மோட்டாருக்குக் காயில் கட்டறதா? அட, அப்ப நான் சொல்றது உங்களுக்குப் புரியும். எனக்கு யாருகிட்டயாவது சொல்லியாகோணும் சார். நாலு நாளா சோறு இறங்கல.

ஒரு பொண்ணுங்க. நாகர்கோயில் பக்கம், தக்கலை. கிறிஸ்டில்டான்னு பேரு. என் வாய்ல அது நுழையாது, நான் அம்மிணின்னுதான் கூப்பிடுவேன். முப்பத்திரண்டு, முப்பத்திமூணு வயசு இருக்கும். கோயமுத்தூர் குறிச்சியில ஒரு தகரக் கொட்டாய் போட்டு, கூட நாலு பேரை வெச்சுக்கிட்டு, ஆறு வருஷமா ஒரே ஒரு பஸ் செஞ்சா. எங்க பழைய டீசல் வண்டியையே வாங்கி, உள்ளுக்குள்ள ஒரு மோட்டாரும் பேட்டரியும் வெச்சது. இன்ஜினும் இருக்கும், மோட்டாரும் இருக்கும். டிப்போவுல பிளக்கைக் குத்திச் சார்ஜ் ஏத்திக்கலாம். ஊருக்குள்ள கரண்ட்டுல போகும், ஏத்தத்துல ரெண்டும் சேர்ந்து இழுக்கும், இறங்கும்போது பேட்டரி தானா நிரம்பும். மூணு மாசம் இந்த மலையில ஓட்டிப் பார்க்கறதுன்னு முடிவாச்சு. நல்லா ஓடுச்சுன்னா இதே மாதிரி அம்பது வண்டி.

யாரை டிரைவராப் போடறதுன்னு பேச்சு வந்தப்ப மேனேஜர் யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷமா டீசல் மிச்சத்துல முதல் பேரு யாரு? சென்னியப்பன். கூப்பிடு.

மொத நாளு அந்தப் பொண்ணு என்கிட்ட என்ன கேட்டா தெரியுங்களா? "அண்ணே, சீட்டு உயரம் உங்களுக்குச் சரியா இருக்கா? கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பினா வசதி?" இருபத்தேழு வருஷத்துல என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டதில்லைங்க. வண்டி வரும், ஏறி உக்காருவோம், இடுப்பு போகும், அவ்வளவுதான். நான் சும்மா சொன்னேன், கிளட்சு கொஞ்சம் கிட்ட இருந்தா முட்டிக்கு நல்லதுன்னு. மறுநாள் வந்து பார்த்தா கிளட்சு கிட்ட இருக்குது! அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். இந்தப் பொண்ணோட வண்டியை எப்படியாச்சும் ஜெயிக்க வெச்சுப்போடறதுன்னு. எனக்குப் புள்ளைகுட்டி இல்லைங்க. அதனாலன்னு நெனைக்காதீங்க. அவ கேட்டா பாருங்க, அந்தக் கேள்விக்காக.

இப்ப அந்த வண்டியைத் திங்கக்கிழமை பிரிக்கப் போறாங்க சார். இன்னைக்கு மூணு மணிக்கு கமிட்டி உக்காருது. இந்த மாதிரி வண்டி மலைக்கு உதவாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா முடிஞ்சுது. ஆறு வருஷம். கொட்டாய மூடிட்டு அவ ஊருக்குப் போயிருவா. நான் போய் அவங்க முன்னாடி நிக்கப் போறேன். இந்தக் கேடயத்தை மேசை மேல வெச்சு, "சாமிகளா, இத்தனை வருஷம் ஓட்டினவன் சொல்றேன், இன்னொரு வாய்ப்புக் குடுங்க"ன்னு கேக்கப் போறேன். கால்ல விழச் சொன்னாலும் விழுவேன்.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அதுதாங்க எனக்கும் விளங்கல. அந்த வண்டிக்குப் பேய் புடிச்சிருச்சு. சிரிக்காதீங்க. அம்மிணி கூட ஏறினா வண்டி சாது. அவ இறங்கிட்டா சண்டி.

மொத வாரம் அவ நாலு நாளு என் பக்கத்துல உக்காந்து வந்தா. மடியில கம்ப்யூட்டர். கோத்தகிரியில கிளம்பறப்ப பேட்டரி கால்வாசி இருக்கும், மேட்டுப்பாளையம் சேரும்போது பாதிக்கு மேல ஏறியிருக்கும். அவ மூஞ்சியப் பார்க்கோணுமே! குழந்தைக்குப் பல் முளைச்ச மாதிரி கண்டக்டரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவா. ஜபருல்லான்னு எங்க கண்டக்டர், அவரும் டிக்கெட்டை மறந்துட்டு எட்டிப் பார்ப்பாரு. அடுத்த வாரம் அவ கொட்டாய்க்குப் போயிட்டா. நாங்க ரெண்டு பேரும்தான் ஓட்டினோம். கோத்தகிரியில கால்வாசி. மேட்டுப்பாளையத்துலயும் அதே கால்வாசி. ஒரு பொட்டு ஏறல. பேட்டரி ஏறலைன்னா அடுத்த ஏத்தத்துக்கு இன்ஜின்தானே முக்கோணும்? பேட்டரி பாரம் வேற ஒண்ணரை டன். சாதா வண்டியை விடக் கூட டீசல் குடிச்சுது.

அவ ஓடி வந்தா. ஏறி உக்காந்தா. நல்லா ஏறுச்சு! இறங்கிப் போனா, நின்னு போச்சு. கன்ட்ரோலர்னு ஒரு பெட்டி, அதை மூணு தடவை மாத்தினா. மழை கொட்டுது, டிப்போவுல சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கா, தலையெல்லாம் கிரீசு. "அண்ணே, இது எனக்க முன்னாடி நடிக்குது"ன்னா. அவங்க ஊர்ப் பேச்சு அப்படி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா, ஆனா கண்ணுல தண்ணி.

நான் ஒண்ணும் சும்மா இல்லைங்க. என்னால ஆனதைச் செஞ்சேன். மனசாரச் செஞ்சேன். இங்கதான் உங்களுக்குப் புரியும், நீங்க மோட்டார் வேலைக்காரரு. மொத நாளு அவ எனக்குச் சொல்லிக் குடுத்தா. "அண்ணே, சைக்கிள் டைனமோ பார்த்திருக்கீங்கல்லா? சக்கரம் சுத்தினா லைட்டு எரியும். அதேதான். இறக்கத்துல சக்கரம் மோட்டாரைச் சுத்தும், கரண்ட்டு திரும்பி உள்ள வரும்." அம்புட்டுதானே! சின்ன வயசுல எத்தனை சைக்கிள் மிதிச்சிருக்கேன். வேகமா மிதிச்சா லைட்டு பளிச்சுன்னு எரியும், மெதுவாப் போனா மங்கும். அப்ப இறக்கத்துல சக்கரம் எவ்வளவு வேகமாச் சுத்துதோ அவ்வளவு கரண்ட்டு. சரிங்களா?

ஆனா அந்த வண்டியைக் கியர்ல வெச்சு இறக்கினா, காலை எடுத்த உடனே பின்னாடி யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி புடிச்சுக்கும். ஊஊன்னு ஒரு சத்தம். உருளவே உருளாது. எனக்கு அது ஆகவே ஆகாதுங்க. கையை ஒடிச்சுப் போட்டா மாதிரி இருக்கும். அம்மிணி பக்கத்துல இருந்தா சரி, அவ சொன்னபடி கியர்லயே இறக்குவேன். புதுசா வந்த ஒரு பொண்ணு முன்னாடி நியூட்ரல்ல தட்டறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? ரிப்போர்ட்டுல எழுதிட்டான்னா? அவ இல்லாதப்ப, நம்ம கைப்பக்குவம். நியூட்ரல்ல விட்டுருவேன். ஆஹா, காத்தாட்டம் உருளும். சக்கரம் பறக்கும். இந்த வேகத்துக்குப் பேட்டரி பொங்கி வழியோணுமேன்னு மீட்டரைப் பார்ப்பேன். முள்ளு அசையாது. அடுத்த நாளு இன்னும் கொஞ்சம் வேகமா விடுவேன். அந்தப் பொண்ணுக்காக. ஜபருல்லா கூடச் சொன்னாரு, "பாய், கொஞ்சம் புடிச்சு இறக்குங்க, கிழவிங்க எல்லாம் பயப்படுதுங்க"ன்னு. நான் முஸ்லிம் இல்லைங்க, அவரு எல்லாரையும் பாய்னுதான் கூப்பிடுவாரு. "நீங்க கம்முனு இருங்க, பேட்டரி ஏறோணும்"னேன்.

அறுபத்தோரு நாளு ஓட்டினோம். அதுல ஒம்போது நாளுதான் அவ வந்தா.

ஒரு நாளு அவ என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா. "அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. இறக்கத்துல கியர்லதானே வருதீங்க?" நான் என்ன சொல்லியிருப்பேன்? "கியர்லதான் அம்மிணி." டக்குன்னு வந்துச்சு. அவ என் மூஞ்சியவே ஒரு நிமிஷம் பார்த்தா. அப்புறம், "மன்னிச்சுக்கிடுங்க அண்ணே, கேட்டிருக்கக் கூடாது"ன்னா. போய் மறுபடியும் அந்தப் பெட்டியைக் கழட்ட ஆரம்பிச்சுட்டா.

எல்லாரும் கேக்கற கேள்விதானே சார் அது? பிரயாணிக பத்திரத்துக்குக் கேக்கறது. பேட்டரிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

குஞ்சப்பனை வருது பாருங்க. அந்தப் பெரிய கல்லு தெரியுதுங்களா, சுண்ணாம்பு அடிச்சது? அங்கதான்.

வெள்ளிக்கிழமை. சந்தைக் கூட்டம். அறுபத்தெட்டு பேரு ஏறியிருந்தாங்க. நியூட்ரல்ல விட்டு இறங்கிட்டிருக்கேன். நாலு வளைவுக்கு முன்னாடியே பிரேக் லைனிங் தீயற வாசம் வந்துச்சு. மிதிச்சா பெடல் கல்லாட்டம் இருக்குது, வண்டி நிக்கல. ஒண்ணரை டன் பேட்டரி பின்னாடி இருந்து தள்ளுது. கியரைப் போடறேன், விழமாட்டேங்குது, கறகறங்குது. இந்தப் பக்கம் பள்ளம். ஜபருல்லா "யா அல்லா"ன்னு கத்தினது இன்னும் காதுல இருக்குது. அப்படியே மலைப் பக்கம் ஒடிச்சு, மண்ணுல ஒரசி, அந்தக் கல்லுல சாத்தி நிறுத்தினேன். ஒரு உசுருக்குச் சேதமில்லை. ஒரு அம்மாவுக்குத் தோள் எலும்பு விட்டுப் போச்சு. பால் கேன் கொண்டு வந்தவருக்கு நெத்தியில தையல்.

எனக்கு மாலை போட்டாங்க சார். ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் அறுபத்தெட்டுப் பேர் தப்பினர்னு பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அம்மிணி ஓடி வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "நீங்க இல்லைன்னா இத்தனை பேரும் எனக்கப் பாவத்துல செத்திருப்பாங்க அண்ணே"ன்னு அழுதா. விசாரணையில எழுதிக் குடுத்தேன், வண்டி கியரில் இருந்தது, பிரேக் பிடிக்கவில்லைன்னு. ஜபருல்லா நான் எழுதினதுக்குக் கீழயே கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அன்னையில இருந்து அவரு என்கூட டூட்டிக்கு வர்றதில்லை. மனுசனுக்கு என்ன கோவமோ. வண்டியை அன்னைக்கே நிறுத்திப்போட்டாங்க.

மணி என்னங்க?

நேத்து அவ போன் பண்ணா. நேத்தே கமிட்டி ஒரு தடவை உக்காந்துச்சாம். அதுல ஒரு பெரியவர், ரிட்டையர்டு வாத்தியாராம், கணக்கையெல்லாம் பார்த்துட்டுச் சொன்னாராம், "அம்மா, இது வண்டிக் கோளாறு மாதிரித் தெரியல. டிரைவர் நியூட்ரல்ல இறக்கியிருப்பாரு. அப்படின்னா வண்டி நல்ல வண்டி. மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்"னு. எப்பவும் போல டிரைவர் தலையில கட்டப் பார்க்கறாங்க பாருங்க! ஆனா அம்மிணி விடல. எந்திரிச்சு நின்னு, "எனக்க டிரைவரைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க சார். நான் நேர்ல கேட்டேன். அவரு பொய் சொல்லுற ஆள் இல்லை. அறுபத்தெட்டு உயிரைக் காப்பாத்தினவரு. தப்பு என்னோட டிசைன்லதான்"னு எழுதியே குடுத்துட்டாளாம். எனக்காக சார். இப்படி எனக்காக யாரு நின்னிருக்காங்க? அதனாலதான் ஓடறேன். அவ எனக்காக நின்னா, நான் அவ வண்டிக்காக நிக்கோணும்.

என்னங்க? மோட்டார் எங்க இருக்குதுன்னா? இன்ஜினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவுல. அம்மிணி திறந்து காட்டியிருக்கா. ஆமாங்க, கியர்பாக்சுக்கு முன்னாடிதான். நல்லாத் தெரியும்.

ஏன் சார், என்னை அப்படிப் பார்க்கறீங்க?

சொல்லுங்க. எதுன்னாலும் சொல்லுங்க.

சைக்கிள் டைனமோதான். தெரியும்ங்க. டயர்மேல சாஞ்சுக்கிட்டு இருக்கும். ஆமா, சின்னதா ஒரு கொக்கி இருக்கும், அதை அமுக்கினா டயர்ல ஒட்டிக்கும், எடுத்துவிட்டா விலகிக்கும். விலக்கிட்டு மிதிச்சாலா? லேசாப் போகும். காத்தாட்டம் போகும். லைட்டு எப்படிங்க எரியும், டைனமோதான் ஒட்டலையே, சக்கரம் மட்டும் எவ்வளவு சுத்தி என்ன...

...

இருங்க.

இருங்க சார். நியூட்ரல்னா... சக்கரம் தனி. மோட்டார் தனி. விலக்கி விட்டா மாதிரி. அப்ப அந்த ஊஊன்னு புடிச்சு இழுத்துச்சே, அதுதானா? அந்த இழுப்புதான் கரண்ட்டா? நான் வேண்டாம் வேண்டாம்னு எடுத்துவிட்டது... ஐயோ. அது புடிச்சிருந்தா பிரேக்குக்கும் பாதி வேலை இருந்திருக்காது. லைனிங் தீஞ்சிருக்காது. அந்த அம்மா தோளு...

அம்மிணி வந்தா சாது, போனா சண்டின்னு சொன்னேனே சார். உங்ககிட்ட நானேதானே சொன்னேன். பேயி புடிச்சிருக்குன்னு சொன்னேனே.

அம்பத்திரண்டு நாளு. ஒவ்வொரு நாளும் எட்டு நடை, நாலு இறக்கம். தினம் நாலு தடவை அந்தப் பொண்ணு கழுத்துல கை வெச்சிருக்கேன். அவளுக்கு நல்லது பண்றேன்னு நெனைச்சுக்கிட்டு, நாளுக்கு நாளு இன்னும் வேகமா. மழையில அவ அடியில படுத்துக் கிடந்தப்ப நான் குடை புடிச்சுக்கிட்டு நின்னேன் சார். "எந்த நட்டு அம்மிணி லூசு"ன்னு கேட்டுக்கிட்டு நின்னேன்.

இதை யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உங்க புள்ளைக மேல சத்தியம் பண்ணுங்க. எனக்கு நாலு மாசத்துல ரிட்டையர்மென்ட். அறுபத்தெட்டு பேரை நியூட்ரல்ல இறக்கினேன், விசாரணையில பொய்யா எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சா வேலையோட போகாது, ஜெயிலு. மாலை போட்டவனே செருப்பால அடிப்பான். நான் மேட்டுப்பாளையத்துல இறங்கி அடுத்த வண்டியில திரும்பிப் போயிடறேன். ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிருவேன். முடியலைதானே? தெரிஞ்சது யாருக்கு? ஜபருல்லாவுக்கு. அவரு பேச மாட்டாரு. இப்ப உங்களுக்கு. நீங்க யாரோ, நான் யாரோ.

ஜபருல்லாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் எந்திரிச்சுப் போனாரு. சே.

ஐயோ, போன் அடிக்குது. அவதான். பாருங்க, அம்மிணின்னு வருது. எடுக்கலை நான். அடிச்சு ஓயட்டும். நீங்க எடுங்களேன் சார்? உங்களுக்குத்தான் மோட்டார் விசயம் தெரியும். பக்கத்து சீட்டுக்காரன் பேசறேன், இப்படி இப்படின்னு சொல்லிருங்க. நான் காதைப் பொத்திக்கறேன். சொல்லுங்க சார், புண்ணியமாப் போகும்... வேண்டாமா? சரிதான். நீங்க எப்படிச் சொல்லுவீங்க.

மறுபடி அடிக்கறா.

ஹலோ. ஆமா அம்மிணி. வந்துட்டே இருக்கேன். குஞ்சப்பனை தாண்டியாச்சு... சாப்பிட்டேன். நீ சாப்டியா? ... ஆமா. ... ஆமா, தெரியும். அந்தப் பெரியவரா? ... என்னைய நேரா கேப்பாரா. ... கேட்டா... கேட்டா...

கியர்லதான் அம்மிணி.

...வெச்சுட்டா. "அது போதும் அண்ணே, அந்த ஒத்த வார்த்தை போதும், உங்க பேர்ல ஒரு சொல்லு விழ விடமாட்டேன்"னு சொல்லிட்டு வெச்சுட்டா.

பார்த்தீங்களா சார்? பார்த்தீங்களா? நான் சொல்லலைங்க. சொல்லோணும்னுதான் வாயைத் திறந்தேன். என் தாய் மேல ஆணை, நியூட்ரல்னு சொல்லத்தான் திறந்தேன். வாயி பாட்டுக்குச் சொல்லுது. இருபத்தேழு வருஷமாச் சொல்லிச் சொல்லி அதுக்கு வேற பாட்டே தெரியல. மூணு மணிக்கு அந்தப் பெரியவர் கேட்டாலும் இதைத்தான் சொல்லும். சொன்ன உடனே அவங்க கையெழுத்துப் போட்டுருவாங்க. வண்டி நல்ல வண்டி சார். ஒரு குத்தமும் இல்லாத வண்டி. என் ஒரு வாய்க்காகப் பிரிச்சுப்போடுவாங்க.

டிரைவர்! ஏப்பா டிரைவர்! கியர்ல போடுப்பா! போடுறா கியர்ல! என்ன பார்க்கற, எனக்குக் காது கேக்காதுன்னு நெனைச்சியா? ... என்னங்கறான் பாருங்க. "கியர்லதாங்க இருக்குது பெரியவரே"ங்கறான். கேட்டீங்களா சார்? கண்ணாடியில என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சொல்றான்.

நான் திரும்பிப் போகலை. கோயமுத்தூருக்கே வர்றேன். ஜெயிலுன்னா ஜெயிலு. ஆனா இந்த வாயை நான் என்ன பண்றதுன்னு தெரியல. மணி என்ன? ஒண்ணாகப் போகுதா? ரெண்டு மணி நேரம் இருக்குது. நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணோணும். இந்தாங்க, இந்தக் கேடயத்தை நீங்க மடியில வெச்சுக்குங்க, நீங்கதான் கமிட்டி. நிமிந்து உக்காருங்க. என் கண்ணைப் பார்த்துக் கேளுங்க. "சென்னியப்பன், இறக்கத்துல வண்டி எந்தக் கியர்ல இருந்துச்சு?" அவ்வளவுதான். கேளுங்க.

கி...

இல்லை இல்லை. இருங்க.

இன்னொரு தடவை கேளுங்க சார்.